அண்ணனோடு வெள்ளையன் பேசிய சனிக்கிழமை

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அக்கா மறைந்து இரண்டாண்டு ஆகப்போகிறது. அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு மலர் அச்சிட வேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டு நிறைவதற்குள் அவரும் படுக்கையில் விழுந்துவிட்டார். ஆகவே இருவருக்கும் சேர்த்து ஒரே மலர்.

நினைவு நாள் அழைப்பைப் பெற்ற சிலர் தேதி மாறியிருக்கிறதே என்று கேட்டார்கள். மாறவில்லை. யூதர்களாகிய எங்களுக்கு மாதம் நிலவைப் பின்பற்றி வருவது. அண்ணன் மறைந்தது அமாவாசைக்குப் பின் ஐந்தாம் நாள். எந்த ஆங்கிலத் தேதியில் வந்தாலும் அதுவே நினைவு நாள். பக்கத்துத் தோட்டத்து விவசாயி வெள்ளையன் மட்டும் இதைக் கேட்கவில்லை. "தை வளர்பிறை அஞ்சுங்க. நான் பாத்து வெச்சிருக்கிறேன்" என்றார். இந்த மலையில் எங்கள் கணக்கோடு ஒத்துப்போன கணக்கு அவருடையது ஒன்றுதான்.

இந்த மலரைக் கையில் வாங்குபவர்களில் எங்கள் மதத்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். கொச்சியில் எஞ்சியிருக்கும் சிலர் பயணம் செய்யும் வயதைக் கடந்தவர்கள். இஸ்ரேலில் இருக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே இது முழுவதும் உங்களுக்காக எழுதப்பட்டது. எங்கள் வாசலில் நின்று பார்த்தும் கேட்கத் தயங்கிய சிலவற்றை இதில் சொல்ல முயல்கிறேன்.

எங்கள் அப்பா கொச்சியில் மிளகு வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். கொள்முதலுக்காகக் கொல்லிமலைக்கு வந்து போனவர், மலையின் வளப்பூர் நாட்டுப் பகுதியில் சிறு தோட்டம் ஒன்றை வாங்கி இங்கேயே தங்கினார். அக்கா கைக்குழந்தையாக மலையேறியவர். அண்ணனும் அவருக்குப் பல ஆண்டுகள் பின்னால் நானும் இங்கேயே பிறந்தோம். கொச்சியிலிருந்த உறவினர்கள் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் புறப்பட்டபோது அம்மா நடக்க முடியாமல் இருந்தார். அம்மா எழுந்ததும் போகலாம் என்று அப்பா சொன்னார். அம்மா எழவில்லை.

அக்காவுக்குக் கொச்சியில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். அந்த வீட்டாரும் கிளம்பினார்கள். அக்காவையும் உடன் அனுப்பச் சொல்லி ஆள் வந்தது. அம்மாவுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்த அக்கா, வந்தவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, நல்லபடியாகப் போய்ச் சேரச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் காலமான பின் சித்தப்பா பிள்ளைகள் தொலைபேசியில் வற்புறுத்தியதுண்டு. அக்கா ஒரே பதிலைத்தான் சொல்வார்: "அங்க வந்து நான் யாருக்கு ரவிக்கை தைக்கிறது கண்ணு?"

வளப்பூர் நாட்டில் அக்கா தைத்த ரவிக்கையை உடுத்தாத பெண்கள் குறைவு. அளவு நாடா அவரிடம் இருந்தது. ஆனால் வாசலில் ஏறி வரும்போதே பார்த்து அளவைச் சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமை மாலை தையல் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தி, கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் ஊற்றி, திரி இட்டு விளக்கேற்றுவார். அந்த நேரம் முதல் சனிக்கிழமை விண்மீன் தெரியும்வரை எங்கள் வீட்டில் வேலை இல்லை. அடுப்பு மூட்டுவதில்லை, பஸ் ஏறுவதில்லை, கத்தரிக்கோல் எடுப்பதில்லை. "உங்க ஊட்டு விளக்கப் பாத்துத்தான் எங்களுக்கு வெள்ளிக்கெழமையே வருது" என்று வெள்ளையனின் மனைவி பொன்னாயி சொல்வார்.

அண்ணன் அப்பாவின் மிளகுத் தொழிலைத் தொடர்ந்தார்; மலையில் வாங்கியதைத் துறையூர் வியாபாரி பாயிடம் விற்பார். எடையில் நேர்மையானவர், பேச்சில் சிக்கனமானவர். இவ்விரண்டையும் பற்றி மலையில் பலரும் பேசியதுண்டு. ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தபோது கோடை மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுநாளில் அள்ளக் கூடாது. தனக்காக அள்ளும்படி பிறரைக் கேட்கவும் கூடாது. வெள்ளையனும் பொன்னாயியும் வேலி தாண்டி ஓடி வந்து, நனைந்துகொண்டே சாக்குகளில் அள்ளினார்கள்.

"ஏனுங்க மொளகுக்காரரே, 'அள்ளு'ன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?" என்று வெள்ளையன் கத்தினார்.

அண்ணன் தலையை மட்டும் அசைத்தார்.

"வாய்க்குமா லீவு?" என்றார் பொன்னாயி.

மறுநாள் காலை அண்ணன் அவர்கள் வீட்டுக்குப் போய் நன்றி சொன்னார். அது எங்கள் குடும்பத்தில் பல காலம் சிரிப்புக்குரிய கதையாக இருந்தது. வெள்ளையனுக்கு அது சிரிப்புக்குரிய கதையாக இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அக்காவுக்கு நோய் வந்தபோது கடைசியாகத் தைத்தவை மூன்று வெள்ளை உடைகள். எங்களில் இறந்தவருக்கு உடுத்தும் உடையில் பை இருக்காது. நூலில் முடிச்சுப் போடக் கூடாது. தனக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று தைத்து இரும்புப் பெட்டியில் அடுக்கினார். "சின்னவன் இன்னும் குண்டாவான்" என்று எனக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தியாகத் தைத்தார்.

அக்கா மறைந்த அன்று எங்கள் முறைப்படி அவரைக் குளிப்பாட்டப் பெண்கள் வேண்டும். எங்கள் பெண்கள் என்று யாரும் இல்லை. பொன்னாயியும் அவர் மகளும் உள்ளே போனார்கள். நான் கதவுக்கு வெளியே நின்று முறையைச் சொன்னேன்.

"முதலில் தலை. பிறகு வலது பக்கம்" என்றேன்.

உள்ளேயிருந்து பொன்னாயி கேட்டார்: "யாரோட வலதுங்க? எனக்கா, அக்காளுக்கா?"

"அக்காவுக்கு."

"அப்பச் சரி. அக்கா, ஒங்க தம்பி கதவுக்கு வெளியில நின்னு மேஸ்திரி வேலை பாக்குறாரு."

அழுதுகொண்டே அவர் இதைச் சொன்னது குரலில் தெரிந்தது.

எங்களில் ஒருவர் இறந்தால் அடக்கம் முடியும்வரை உடலைத் தனியே விடுவதில்லை. யாராவது ஒருவர் அருகில் அமர்ந்து, எங்கள் வேதத்தின் துதிப்பாடல்களான சங்கீதங்களை மெல்லிய குரலில் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். அக்காவின் அருகில் அண்ணனும் நானும் மாறி மாறி அமர்ந்தோம். அதற்குப் பிறகு ஒருநாள், கேட்காமலே அண்ணன் சொன்னார்: "அக்காளுக்கு நாம ரெண்டு பேரு இருந்தோம். எனக்கு நீ இருக்கற." அதோடு நிறுத்திவிட்டார். எனக்கு யார் என்பதை அவர் சொல்லவில்லை. கடைசி வாரத்தில் மட்டும் ஒரு முறை என் கையைப் பிடித்து, "என்னைத் தனியா உட்டுராதே" என்றார். விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அண்ணன் வாழ்நாளில் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அவர் காலமானது வெள்ளிக்கிழமை நண்பகலில். குழி வெட்டி, குளிப்பாட்டி, பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்ய வழியில்லை. ஓய்வுநாளில் அடக்கம் கிடையாது. ஞாயிறு காலைவரை காத்திருக்க வேண்டும் என்றபோது வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளையன்தான், "அவங்க முறை அதுங்க. மொளகே நனைஞ்சாலும் அசைய மாட்டாங்க" என்று அவர்களுக்கு விளக்கினார்.

நான் அருகில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கினேன். அதற்கு முந்தைய பல இரவுகளும் அண்ணனுக்குத் துணையாக விழித்திருந்தவன் நான். சனிக்கிழமை முற்பகலில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. வாசலில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வெள்ளையன் நின்றார்.

"சின்னவரே, போயிப் படுங்க."

"தனியே விடக் கூடாது."

"தனியா எங்கீங்க? நான் என்ன மரமா?"

எனக்குத் தயக்கமாக இருந்தது. வெள்ளையனுக்கு எங்கள் வேத மொழியான எபிரேயம் தெரியாது; சங்கீதம் தெரியாது. எங்கள் முறைப்படி அது போதுமா என்று கேட்க ஆள் இல்லை; கேட்கலாம் என்றாலும் அன்று தொலைபேசியைத் தொடக் கூடாது. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற எனக்கு இருந்தது ஓர் உடம்பு, அது சாய்ந்துகொண்டிருந்தது. எழுந்து இடத்தைக் கொடுத்தேன். அடுத்த அறையில் தலை சாய்த்ததுதான் தெரியும்.

பேச்சுச் சத்தம் கேட்டு விழித்தேன். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவருகே போனேன். யாரும் வரவில்லை. வெள்ளையன் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"...சின்னவரு தூங்குறாரு. கொறட்டை கேக்குதுங்களா? உங்க கொறட்டைக்கு இது எவ்வளவோ தேவலைங்க. பஸ்ஸு இன்னிக்கும் லேட்டு. துறையூர் பாய் போன் பண்ணுனாரு, சங்கதி கேட்டு ரொம்ப வருத்தப்பட்டாரு. மொளகு வெல ஏறியிருக்குதாம். ஏறுற நேரமாப் பாத்துக் கெளம்பிட்டீங்க." சற்று நிறுத்தினார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு மழையில நாங்க ரெண்டு பேரும் சாக்கு சாக்கா அள்ளுறோம். நீங்க மவராசனாட்டம் உக்காந்து பாத்தீங்க. உங்க சட்டம் அதுன்னு உட்டுட்டேன். ஆனா எனக்குக் கோவம்தானுங்க. சொல்லோணும் சொல்லோணுமுன்னு இருந்து, இன்னிக்குத்தான் சொல்றேன். இன்னிக்கும் பாருங்க, சனிக்கெழமை. இன்னிக்கும் நீங்க வாயத் தொறக்க மாட்டீங்க."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, மரவள்ளிக்கிழங்கு சங்கதிக்கு வாரேன்" என்று தொடர்ந்தார்.

நான் உள்ளே போகவில்லை. பொழுது சாயும்வரை அவர் நிறுத்தாமல் பேசினார்.

இரவில் மீண்டும் நான் அமர்ந்து வாசித்தேன். ஞாயிறு காலை அண்ணனை நான் குளிப்பாட்டினேன். வெள்ளையன் தண்ணீர் ஊற்றினார். அக்கா தைத்த உடையை உடுத்தினோம்; அளவு சரியாக இருந்தது. தோட்டத்தில் அக்காவுக்கு அருகில் அடக்கம் செய்தோம். அடக்கத்தின்போது மகனோ உடன்பிறந்தவனோ சொல்ல வேண்டிய பிரார்த்தனை ஒன்று எங்களுக்கு உண்டு. அதைத் தனியாகச் சொல்ல முடியாது. வயது வந்த யூத ஆண்கள் பத்துப் பேர் உடன் நின்றால்தான் சொல்லலாம். அன்று குழியருகே நின்றவர்கள் பத்துக்கும் மிகுதி. ஆனாலும் அந்தக் கணக்கில் நான் ஒருவன்தான். அதைச் சொல்லாமலே மண் தள்ளினேன். இஸ்ரேலில் சித்தப்பா மகன் அண்ணனுக்காக அதைச் சொன்னதாகப் பின்னர் தெரிவித்தார். நான் இன்றுவரை சொல்லவில்லை.

பிறகு வழக்கப்படி ஏழு நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல் தரையில் அமர்ந்திருந்தேன். பொன்னாயி சாமைச் சோறும் பருப்பும் கொண்டுவந்தார். ஒரு மாலை வெள்ளையனிடம் கேட்டேன், அண்ணனிடம் ஏன் அவ்வளவு பேசினீர்கள் என்று.

அவர் திகைத்துப் பார்த்தார். "ஏனுங்க, அதுதானே உங்க முறை? அக்காளுக்கு நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து மொணமொணன்னு பேசிக்கிட்டே இருந்தீங்களே."

"அது பேச்சு இல்லை. வேத வாசிப்பு."

"அடக் கடவுளே. அப்ப நான் செஞ்சது தப்புங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. நான் யோசித்துப் பார்த்தேன். எதையும் சரியாகக் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவன் நான். முறை என்றால் முறை. ஆனாலும் அண்ணன் என்னிடம் கேட்டது வாசிப்பை அல்ல. தனியே விடாதே என்றுதான் கேட்டார்.

"தப்பு இல்லீங்க" என்றேன்.

அவர் இன்னும் நெருங்கி அமர்ந்து, "அப்ப ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். நீங்க முந்தினா நான் வந்து பேசறேன். நான் முந்தினா நீங்க வந்து பேசோணும். அந்த வேதமெல்லாம் எனக்கு வேண்டாங்க, புரியாது. ஊர்க்கதையாச் சொல்லுங்க" என்றார்.

"உங்களுக்குத்தான் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்களே?"

"இருக்கட்டுமுங்க. ஒரு ஆளு சேத்தி இருந்தா என்ன?"

வெள்ளையன் என்னைவிட மூத்தவர். ஒப்பந்தத்தில் என் பங்குதான் முதலில் வரக்கூடும். அதற்கு நான் தயார். மற்றப் பங்கை அவரால் நிறைவேற்ற முடியுமா என்பது எங்கள் இருவர் கையிலும் இல்லை.

அக்காவின் நோயிலும் அண்ணனின் நோயிலும் மலைக்கும் நாமக்கல்லுக்குமாக வண்டி ஓட்டிய நண்பர்களுக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், குழி வெட்டிய வளப்பூர் நாட்டு உறவுகளுக்கும், அடக்கத்துக்கு மலையேறி வந்த துறையூர் பாய்க்கும், கதவுக்குள் நின்று அக்காவைச் சொந்த அக்காவாகவே குளிப்பாட்டிய பொன்னாயிக்கும் அவர் மகளுக்கும், வெள்ளையனுக்கும் என் நன்றி.

இனி ஒரு வேண்டுகோள். இரும்புப் பெட்டியில் அக்கா தைத்த மூன்றாவது உடை இருக்கிறது. என் காலம் வரும்போது அதை எடுத்து உடுத்துங்கள். சற்றுத் தளர்த்தியாக இருக்கும். அடக்கம் முடியும்வரை உங்களில் யாராவது ஒருவர் என் அருகில் அமர்ந்திருங்கள். எபிரேயம் வேண்டியதில்லை. மழை, மிளகு விலை, பஸ் எத்தனை மணிக்கு வந்தது, என்மேல் உங்களுக்கு இருந்த கோபம், எதையாவது சொல்லிக்கொண்டிருங்கள். பதில் வரவில்லை என்று எழுந்து போய்விடாதீர்கள்.

அக்காவுக்கும் அண்ணனுக்கும்
தம்பி