நாலாவது பிரதியில் தண்ணீர் தொட்டியில் விழுந்தது

எஞ்சினியர் வேலைக்கு நான் எங்கே தயாரானேன் என்று யாராவது கேட்டால், இங்கிலீஷ் காம்போசிஷன் வகுப்பில் என்று சொல்வேன். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். விளையாட்டே இல்லை. அந்த வகுப்பை அப்போது நான் திட்டாத நாளில்லை என்பதும் உண்மைதான்.

எங்கள் தோட்டம் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருந்தது. மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சந்தைக்குப் போய்வந்தவர்கள் எல்லாம் அதைப் பற்றியே பேசினார்கள். சிமெண்டு என்ன, கிரேன் என்ன, ராத்திரியைப் பகலாக்கும் விளக்கு என்ன என்று கேட்கக் கேட்க எனக்கு உடம்பு நிலைகொள்ளாது. அந்த மாதிரி ஒன்றைக் கட்டுகிறவனாக வேண்டும் என்று வெறி பிடித்துப்போய்தான் சேலத்தில் இன்டர்மீடியட் சேர்ந்தேன். மதராஸ் எஞ்சினியரிங் கல்லூரிக்குப் போக அதுதான் வாசல். கணக்கு, பௌதிகம், ரசாயனம் என்று நான் விரும்பிய பாடங்களோடு இங்கிலீஷும் தமிழும் கட்டாயம். பாலம் கட்டப் போகிறவனுக்குப் பாட்டும் கட்டுரையும் எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "ரெண்டு வருசம் படி. மெட்ராசுல எடங் கெடச்சாப் போ. கெடைக்கலீன்னா ஊட்டுக்கு வந்து வாரியில நில்லு சாமி. மறுவருசம் பாக்கறேன், கிக்கறேன்னு எங்கிட்டப் பேசப்படாது."

வாரி என்பது கிணற்றடியில் இருந்து சரிந்து இறங்கும் மண் பாதை. மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் சாதனத்துக்குக் கவலை என்று பெயர்; அதை இறைக்கும்போது மாடுகள் வாரியில்தான் போய்வரும். ஆளையும் மாட்டையும் வைத்துக்கொண்டு எங்கள் தண்ணீரெல்லாம் அப்படித்தான் மேலே வந்தது. அப்பா சொன்னால் சொன்னதுதான். எனக்கு ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் ஒரே ஒரு தடவை.

முதல் வருஷத்தில் ஒரு நாள் இங்கிலீஷ் வாத்தியார் ஒரு கட்டுரை கொடுத்தார். உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு சாதனத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள், அதைப் பார்த்தே இராதவன் படித்துவிட்டுப் படம் போட வேண்டும் என்றார். நான் கவலையை எடுத்துக்கொண்டேன். காலைக் கதிரவன், காளைகளின் கழுத்து மணி, வெள்ளியாய்ப் பாயும் நீர் என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டு நிரப்பினேன். அவர் அடியில் இரண்டே வரி எழுதியிருந்தார். இங்கிலீஷ் சரி, சாதனத்தைக் காணோம் என்று அர்த்தம்.

எனக்கு வந்த கோபத்தில் நோட்டை அப்படியே கொண்டுபோய் என் நண்பன் முன்னால் போட்டேன். சேலம் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன் அவன். அத்தா என்று அவன் கூப்பிடும் அப்பாவுக்குத் தோல் மண்டி. வக்கீலாக வேண்டும் என்பதற்காகச் சரித்திரமும் தர்க்கமும் எடுத்துப் படித்தான். கிணற்றில் கயிற்று வாளியைத் தவிர வேறு எதையும் பார்த்திராதவன்.

"படிச்சுட்டுப் படம் போடுடா. வாத்தியாருக்குப் புத்தி வரட்டும்" என்றேன்.

அவன் நிதானமாகப் படித்தான். பென்சிலைச் சீவினான். போட்டான். பார்த்தால், கிணற்றைச் சுற்றி இரண்டு மாடுகள் செக்கு மாடு மாதிரி வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு மனிதன் அண்ணாந்து கதிரவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க பண்ணையக்காரரே, இதுதானுங்களா உங்க கவலை?" என்று எங்கள் ஊர்ப் பேச்சை வைத்தே என்னைக் கேலி செய்தான்.

"மாடு எங்கேடா சுத்தும்? இறக்கத்துல நேராப் போகும். அப்புறம் பின்னாலேயே நடந்து மேலே வரும்!"

"பின்னால நடக்குமா? மாடா? அதை எங்கே எழுதியிருக்கே?"

எழுதவில்லைதான். எங்கள் பக்கத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மாடு பின்னால் நடக்கும் என்பது எங்களுக்குக் காக்கை கறுப்பு என்பது போன்ற விஷயம். அதைப் போய் ஒருவன் எழுதுவானா? ஆனால் அது இல்லாமல் அந்தச் சாதனமே இல்லை. அது உறைத்த நிமிஷத்தில் எனக்குக் கோபம் போய் ஒரு பரபரப்பு பிடித்துக்கொண்டது.

இரண்டாவது தடவை எழுதினேன். மாடுகள் பின்னால் நடந்தன, ஆனால் படத்தில் வாரி கிணற்றுக்குள்ளேயே சரிந்து, மாடுகள் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தன. சரிவு எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லையாம். மூன்றாவது தடவை சரிவு சரியாக வந்தது, ஆனால் தண்ணீர் மொள்ளும் பெரிய வாளியான சாலில் ஏறிய தண்ணீர் அதிலேயே நின்றது. "மேலே வந்த சாலை யாரு கவிழ்க்கிறா? உன் அஞ்சாவது வாக்கியத்துக்கும் ஆறாவதுக்கும் நடுவிலே ஒரு ஆளைக் காணோம்" என்று தர்க்கம் படித்த திமிரில் குறுக்கு விசாரணை செய்தான்.

எனக்கே அது சரியாகத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த சாதனம்! சனிக்கிழமை காலையில் ரயிலேறி ஊருக்குப் போய் நேராகக் கிணற்றடிக்குப் போனேன். குனிந்து பார்த்தேன், படுத்துப் பார்த்தேன். சாலின் அடியில் தைத்திருக்கும், வால் என்கிற தோல் குழாயைத் தனியாக ஒரு சின்னக் கயிறு மேல்நோக்கி மடக்கிப் பிடித்திருக்கிறது. சாலைத் தூக்கும் பெரிய வடம் உயரத்தில் உள்ள உருளையில் போகிறது. சின்னக் கயிறு கீழே, தொட்டி மட்டத்தில் உள்ள உருட்டுக்கட்டையில் போகிறது. சால் மேலே ஏற ஏற, வால் மட்டும் தொட்டிப் பக்கம் இழுபட்டு நீண்டு தானாகவே வாய் திறக்கிறது. யாரும் கவிழ்ப்பதில்லை. இரண்டு உருளைகளும் இரண்டு உயரத்தில் இருப்பதுதான் அந்த ஆள்! நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

மாடு ஓட்டிக்கொண்டிருந்த அப்பா என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "ஏஞ் சாமி, கவலைய இன்னிக்குத்தான் மொதமொதலாப் பாக்கறயா?"

"ஆமாங்கப்பா" என்றேன். அவருக்கு என் மேல் கொஞ்சம் பயமே வந்திருக்க வேண்டும்.

நாலாவது பிரதியில் அலங்காரம் ஒன்று கூட இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வேலை இருந்தது. நண்பன் ஒரு வாக்கியம் படிப்பான், ஒரு கோடு போடுவான். கடைசிக் கோட்டில் தண்ணீர் தொட்டியில் விழுந்தது. இரண்டு பேரும் போட்ட கூச்சலில் நான் தங்கியிருந்த ஹாஸ்டலே திரண்டு வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் கட்டுரை வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவனுடைய தர்க்கப் புத்தகத்தையும் பிடுங்கிப் படித்தேன்.

பரீட்சை தேறி, மதராஸ் கல்லூரிக்கு மனுப் போட்டு, நேர்முகத்துக்கும் அழைப்பு வந்தது. வராந்தாவில் காத்திருந்த பையன்கள் அத்தனை பேரும் மேட்டூர் அணையின் நீளம் உயரம் எல்லாவற்றையும் மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு வெள்ளைக்காரர், இரண்டு நம்மவர்கள்.

"சேலம் ஜில்லாவா? அப்படியானால் மேட்டூரைப் பார்த்திருப்பாய். சொல்" என்றார் வெள்ளைக்காரர்.

"பார்த்ததில்லை, ஐயா."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொலைந்தோம் என்று நினைத்தேன். லீவு விட்டால் தோட்டத்தில் வேலை இருக்கும், அப்பா எங்கேயும் விடமாட்டார் என்று உள்ளதைச் சொன்னேன்.

"பிறகு எதைத்தான் பார்த்திருக்கிறாய்?"

"கவலை, ஐயா."

அது என்ன என்று அவர் கேட்டதும், ஒரு பென்சிலைக் கையில் எடுத்துக்கொள்ளும்படி கேட்டேன். எங்கிருந்துதான் எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததோ! அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார். நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன், அவர் ஒவ்வொரு கோடாகப் போட்டார். ஓரிடத்தில் மாட்டைத் திருப்பிப் போடப் போனார். "திரும்பாது, ஐயா, பின்னாலேயே நடக்கும்" என்று தடுத்தேன். தோல் வால் வாய் திறந்த இடத்தில் அவர் பென்சிலை நிறுத்திவிட்டு, தான் போட்ட படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பறப்பது போல் இருந்தது.

நம்மவர்களில் ஒருவர் மட்டும் விடவில்லை. "மாடு இறங்கும்போது ஓட்டுகிறவன் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அது ஏன்? அலுப்பா?"

"இல்லவே இல்லை, ஐயா! அவனுடைய பாரமும் மாட்டின் இழுப்போடு சேருகிறது. அது கணக்கு" என்று சூடாகச் சொன்னேன். அவர் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார்.

கடிதம் வந்தபோது அப்பா வாரியில் இருந்தார். நான் தோட்டத்து வரப்பெல்லாம் தாண்டி ஓடி, "எடங் கெடச்சிருச்சுங்கப்பா!" என்று கத்தினேன். மாட்டை நிறுத்திவிட்டு, மெட்ராசில் என்ன கேட்டார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நம்ம கவலையவா? அதுக்கா அத்தன தூரம் ரயிலேறிப் போன?" வடத்தில் உட்காருவதைப் பற்றிக் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் பெருமையாகச் சொன்னேன்.

"பாரமாவது, கீரமாவது" என்றார் அப்பா. "எறக்கத்துல மொழங்காலு புடிச்சுக்குது சாமி. நிக்க முடியறதில்ல. அதுனால குந்திக்கறேன்."

"எப்பருந்துங்கப்பா?"

"அது ஆச்சு, ரெண்டு வருசம்."

நான் காலேஜில் இருந்த இரண்டு வருஷம். வடத்தைப் பார்த்தேன், உருளையைப் பார்த்தேன், மாட்டின் குளம்பு வரைக்கும் பார்த்து நாலு தடவை எழுதினேன். அவர் காலைப் பார்க்கவில்லை.

"எப்பப் போகோணும்?" என்று கேட்டார்.

"அடுத்த வாரமுங்க."

"செரி, போ" என்று என்னிடம் சொல்லிவிட்டு மாட்டை அதட்டினார். இறக்கத்தில் வடத்தின் மேல் உட்கார்ந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நான் போனேன்.