யார் வீட்டுக் குழம்பு

நான் வேலை பார்ப்பது மீன்குழம்பைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிற கம்பெனியில். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில் உப்பளங்களைத் தாண்டியதும் இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் பாக்கெட்டைக் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, வெட்டி, சோற்றில் ஊற்றினால் சாப்பாடு தயார். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை, மாதக்கணக்கில் கெடாது. உணவுத் தொழில்நுட்பம் படித்திருப்பதால் ருசி பார்க்கிற பொறுப்பு எனக்கு.

எங்கள் வீட்டில் சமைப்பது என் மாமனார். துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியாரை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அவர்கள் இறந்த பிறகுதான் மாமா கரண்டியைப் பிடித்தாராம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை, ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். நானும் விடிந்ததும் கிளம்பிவிடுவேன். அதனால் அடுப்படி மாமா கையிலேயே தங்கிவிட்டது. "மருமக ஊருக்குக் குழம்பு வைக்கா, மாமனார் வீட்டுக்குக் குழம்பு வைக்காரு" என்று சர்ச்சில் சிலர் சிரிப்பார்கள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார்.

முதல் தடவை நான் பாக்கெட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, முகம் சுளிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அதைக் கையில் வாங்கி, அமுக்கிப் பார்த்து, காதருகே வைத்துக் குலுக்கினார்.

"கெடாம இருக்க என்ன மருந்து போடுதாங்க?"

"மருந்து ஒண்ணும் இல்ல மாமா. பாக்கெட்ட ஒட்டுன பொறவு பெரிய குக்கர் மாதிரி ஒண்ணுல வச்சு அவிப்போம். உள்ள இருக்க கிருமி எல்லாம் செத்துரும். புதுசா எதுவும் உள்ள போக வழி இல்ல."

"அப்ப குழம்பு ரெண்டு தடவ வேகுது."

"ஆமா."

"பாதியில கரண்டு போச்சுன்னா?"

எலெக்ட்ரீஷியன் கேட்கிற கேள்விதான். ஜெனரேட்டர் இருக்கிறது, சூடு இறங்கிவிட்டால் அவிக்கிற நேரத்தை முதலிலிருந்து கணக்கு வைப்போம் என்று சொன்னேன். அன்று ராத்திரி அதைச் சூடு பண்ணி எல்லோரும் சாப்பிட்டோம். மாமா தட்டை வழித்துச் சாப்பிட்டார். "நல்லாருக்கு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அவர் எதையும் அப்படி ஒரு வார்த்தையில் விடுகிறவர் இல்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் எதையோ யோசித்துக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும், "கண்ணக் கட்டிட்டு ஊட்டுனாலும் எது என் குழம்புன்னு நான் சொல்லிருவேன்" என்றார்.

என் வேலையே அதுதான். சந்தைக்குப் போய் சூரைமீன் வாங்கி வரச் சொன்னேன், எங்கள் பாக்கெட்டிலும் சூரைதான். மீனைத் தொட்டால் தெரிந்துவிடும் என்பதால் குழம்பை மட்டும் எடுத்தோம். ஒரு கிண்ணத்தில் மாமா வைத்தது, ஒன்றில் எங்கள் கம்பெனியுடையது, இன்னொன்றில் கடையில் வாங்கிய வேறு ஒரு பாக்கெட். என் வீட்டுக்காரர் கிண்ணங்களை மாற்றி மாற்றி வைத்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சோறு பிசைந்து சாப்பிட்டார்.

கடைப் பாக்கெட்டை உடனே ஒதுக்கிவிட்டார். "இதுல மசாலாவத் தவிர ஒண்ணும் இல்ல." பிறகு மற்ற இரண்டையும் சாப்பிட்டு, கம்பெனிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். "இது நான் வச்சது."

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா கண்ணைத் திறந்து கிண்ணங்களைப் பார்த்தார். கோபப்படவில்லை. இரண்டையும் மறுபடி தொட்டு நக்கினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அவர் கையிலிருந்து எதையோ பிடுங்கிவிட்ட மாதிரியும் இருந்தது.

"இதுல புளி எம்புட்டு, உறைப்பு எம்புட்டுன்னு யாரு முடிவு பண்ணுனது?" என்று கேட்டார்.

"நாந்தான் மாமா. மொதல்ல வச்ச குழம்பு சரியா வரல. புளியக் கூட்டுங்க, மிளகாயக் கொறைங்க, தேங்காயோட சின்ன உள்ளியும் சீரகமும் வச்சு அரைங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். சரியா வந்ததும் நிறுத்திட்டேன்."

"எந்தக் குழம்பு மாதிரி வரணும்னு நெனச்ச?"

"ஒண்ணும் நெனைக்கல. சரியா இருக்கான்னு மட்டும் பாத்தேன்."

"சரின்னா என்னதும்மா?"

யோசித்துப் பார்த்தேன். நான் பிறந்தது சாத்தான்குளம். எங்கள் அம்மா வைக்கிற மீன்குழம்பு கெட்டியாக, மல்லி தூக்கலாக, கறுப்பாக இருக்கும். அதைத் தின்று வளர்ந்த என் நாக்கு, கம்பெனியில் நின்றுகொண்டு அதைக் கேட்கவே இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமாவின் குழம்பைத் தின்று தின்று அதுதான் சரி என்று ஆகியிருக்கிறது. எனக்கே தெரியாமல் அவர் குழம்பைத்தான் பாக்கெட்டில் அடைத்திருக்கிறேன்.

அதைச் சொன்னதும் மாமா அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "எங் குழம்புன்னு சொல்லாத. நான் பக்கத்து வீட்டு அம்மாகிட்ட படிச்சேன். காம்பவுண்டுக்கு அங்கன நின்னு அவங்க சொல்லுவாங்க, நான் இங்கன வைப்பேன். இப்ப மக வீட்டோட மணப்பாட்டுக்குப் போயிட்டாங்க."

அந்த வாரமே மாமா தன் மகளுக்குப் பாக்கெட்டுகளை அனுப்பினார். என் மதினி துபாயில் நர்ஸ். தெரிந்தவர் ஒருவர் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிற நேரம், அவர் பெட்டியில் வைத்துவிட்டோம். 'நம்ம வீட்டுக் குழம்பு' என்று மட்டும் போனில் சொல்லியிருந்தார் மாமா.

மதினி சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம்.

"நல்லா இருக்குப்பா. பிள்ள ரெண்டாம் வாட்டி கேட்டு வாங்கித் தின்னா. ஆனா நம்ம வீட்டுக் குழம்புன்னு சொன்னீங்களே? அம்மா குழம்பு இப்படி இருக்காதே."

"ஏளா, அம்மா குழம்பு எப்படி இருக்கும்?"

"என்னப்பா இப்படிக் கேக்கிய? மாங்கா போட்டு வைப்பாங்கல்லா. புளி தெரியாது. லேசா ஒரு கசப்பு கடைசில வரும்."

மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் என் வீட்டுக்காரரிடம், "அம்மா மாங்காயா போடுவா?" என்றார்.

"போடுவாங்க. எல்லா நேரமும் இல்ல. கசப்பு வெந்தயமா இருக்கும்."

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ வச்சதத்தான் தின்னேன்" என்றார் மாமா. "ருசிய நெனச்சுப் பாக்கேன், பக்கத்து வீட்டுக் குழம்புதான் நாக்குல வருது."

அவர் குரலில் துக்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. ஒரு ருசி இருந்த இடத்தில் இன்னொன்று எப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று அதற்குப் பிறகு அவர் என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறார். நான் படித்த படிப்பில் அதற்குப் பாடம் கிடையாது.

கோடை விடுமுறைக்கு மதினி மகளோடு வந்தார்கள். மாங்காய் காலம். வந்த மறுநாள் காலையிலேயே மாமா விளைமீனும் மாங்காயும் வாங்கி வந்துவிட்டார். மதினிக்குச் சமையல் அவ்வளவாகத் தெரியாது. படிக்க வெளியூர் போய், அங்கிருந்து வேலைக்குப் போனவர்கள். தின்ற ஞாபகம் மட்டும்தான் அவர்களிடம் இருந்தது. அதைச் சொல்லச் சொல்ல மாமா வைத்தார், நான் ருசி பார்த்தேன்.

முதல் குழம்பில் பல் கூசியது. அடுத்த நாள் தேங்காய்ப்பாலைக் கூட்டினோம். வெந்தயத்தை வறுத்துப் போட்டோம். மதினி ஒரு வாய் சாப்பிட்டு, "கிட்ட வந்துட்டு" என்றார்கள். மாமா மெதுவாகச் சாப்பிட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது இல்ல."

"எது இல்லன்னு தெரியுதா மாமா?" என்றேன்.

"இல்லங்கது மட்டும் தெரியுது."

அது எனக்குப் புதிதாக இருந்தது. எப்படி இருந்தது என்று நினைவில்லாதவருக்கு, இது அது இல்லை என்று மட்டும் தெரிந்திருக்கிறது. மதினி எழுந்து போய் ஸிங்க்கில் தட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். ஒரே தட்டை ரொம்ப நேரம் கழுவினார்கள். அவர்கள் மகள் மட்டும் மாங்காய்க் குழம்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "நம்ம வீட்டுக் குழம்பு வேணும்" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எங்களுக்குப் புரியவில்லை. பாக்கெட்டைச் சொல்கிறாள் என்று மதினி சொன்னார்கள்.

"டியூட்டி முடிச்சு வந்து என்னால நிக்க முடியாதுப்பா. முக்காவாசி நாள் நீங்க குடுத்துவிடுத பாக்கெட்டுதான். அவளுக்கு அதான் தெரியும்."

சொல்லிவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தார்கள். மாமா தண்ணீரைக் கொதிக்க வைத்து, பாக்கெட்டைப் போட்டு எடுத்து, பேத்தி தட்டில் ஊற்றினார். அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் எந்த இடத்தில் நிறுத்துகிறாள், எதை ஒதுக்குகிறாள் என்று கவனித்துக்கொண்டே இருந்தார். அவள் எதையும் ஒதுக்கவில்லை.

மதினி துபாய்க்குத் திரும்பிப் போய்விட்டார்கள். பெட்டியில் பாதி இடம் பாக்கெட்டுக்குத்தான். மாமா அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, தானே அடுக்கிக் கொடுத்தார். மாங்காய் கிடைக்கிறவரை வாரத்தில் ஒரு நாள் அந்தக் குழம்பை வைத்துப் பார்க்கிறார். போன சனிக்கிழமை கரண்டியில் கொஞ்சம் எடுத்து என்னிடம் நீட்டினார். உப்பு கொஞ்சம் குறைகிறது என்றேன்.

"ஒனக்கு இது தெரியாது, நீ அவ கையால தின்னதில்ல" என்று சொல்லிவிட்டு மகளுக்கு வீடியோ கால் போட்டார். சட்டியைக் கேமராவுக்கு நேராகச் சாய்த்துக் காட்டினார்.

மதினி யூனிபாரத்தோடு வரிசையில் நின்று பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். திரையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்கள்.

"மஞ்ச கூடிட்டுப்பா. அம்மா குழம்பு இன்னும் வெளுப்பா இருக்கும்."

"அப்படியா" என்றார் மாமா. போனை அணைக்காமலே அடுப்பைக் குறைத்துவிட்டு, தேங்காய் துருவ உட்கார்ந்தார்.