மருமகளின் துப்பாக்கியில் நான் போட்ட கோடு

என் மருமகள் துப்பாக்கி சுடுகிறவள். கோயிலில் இதைச் சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். ஆளையும் சுடுவதில்லை, மிருகத்தையும் சுடுவதில்லை. தூரத்தில் ஒரு காகிதத்தை மாட்டி, அதன் நடுவில் மிளகு அளவில் இருக்கும் புள்ளியைச் சுடுகிறாள். வாரநாளில் ரவாங்கில் தொழிற்சாலை ஆபீஸ் வேலை. சனி ஞாயிறு கிளப். இங்கே மலேசியாவில், கோலசிலாங்கூர் தாமான் குடியிருப்பு வீட்டில் நானும் மகனும் அவளும், மூன்றே பேர்.

கல்யாணமாகி வந்த புதிதில் நான் சும்மா இருக்கவில்லை.

"பொம்பளப் பிள்ளைக்கு துப்பாக்கி என்னாத்துக்கு? தோட்டத்துல துரைதான் வச்சிருப்பாரு, பன்னி சுட. நீ எந்தப் பன்னிய சுடப் போற?"

"பன்னி இல்ல அத்தை, காகிதம்."

"காகிதத்த கிழிச்சாப் போதாதா? சுடணுமா?"

அவள் சிரிப்பாள். மகன் மட்டும், "அம்மா, போதும் லா," என்பான். நானும் அப்படிப் பேசிப் பேசியே பழகிவிட்டேன். அவள் பதக்கம் வாங்கி வந்தபோது, யாரும் பார்க்காத நேரத்தில் அதை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் வைத்ததும் நான்தான். அது அவளுக்குத் தெரியாது.

அவளுடைய துப்பாக்கிக்குப் பழைய மரக்கட்டை. தோளில் முட்டி, கன்னத்தைச் சாய்த்துப் பிடிக்கிற பாகத்தைத்தான் கட்டை என்கிறேன். துப்பாக்கியோடு வந்த கட்டை, ஆம்பளை உடம்புக்குச் செய்தது. இவளுக்குக் கழுத்து நீளம், கை குட்டை. குனிந்து குனிந்து சுட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொள்வாள். கடைசியில் வெளிநாட்டிலிருந்து புதுக் கட்டை ஒன்று வரவழைத்தாள். மரமே இல்லாத கட்டை. முழுக்க அலுமினியம், நீல நிறம், நெடுக ஓட்டையும் திருகாணியும்.

"இதா கட்டை? ஆஸ்பத்திரியில கால் ஒடஞ்சவனுக்கு மாட்டி விடுறதாட்டம் இருக்கு," என்றேன்.

"இதுல எல்லாம் ஏறும் எறங்கும் அத்தை. நம்ம ஒடம்புக்கு அது வரும். நாம அதுக்குக் குனிய வேணாம்."

துப்பாக்கி கிளப்பின் இரும்பு அலமாரியில் பூட்டில் இருக்கும். கட்டையை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாள். சாயங்காலம் ஹாலில் கண்ணாடி முன்னால் நின்று, அதைத் தோளில் வைத்துக் கண்ணை மூடுவாள். கன்னத்தைச் சாய்ப்பாள். கண்ணைத் திறப்பாள். திருகாணியைத் தளர்த்தி ஒரு நூல் ஏற்றுவாள், மறுபடி கண்ணை மூடுவாள். இரண்டு மாதம் இதே வேலை. கிளப்பில் சொல்லிக்கொடுக்கிற சீனரும் பார்த்துப் பார்த்துத் திருத்தினாராம். எல்லாம் சரியாக அமைந்த அன்று, கன்னம் சாய்கிற துண்டு, கன்னத்துண்டு என்பாள், அது ஏறி இறங்குகிற தண்டில் கருப்பு மை பேனாவால் ஒரு கோடு போட்டாள். கட்டையை வைக்கிற பெட்டி பழைய பெட்டி. கன்னத்துண்டைக் கழற்றினால்தான் மூடும். மறுபடி மாட்டும்போது அந்தக் கோடு வரை இறக்கி முடுக்கினால் போதும்.

மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கும் நாள் வந்துகொண்டிருந்தது. குழுவில் ஓர் இடம்தான் காலி. இவளுக்கு முப்பத்தெட்டு. "இந்தத் தடவ இல்லன்னா சின்னப் பிள்ளைங்க வந்துருவாங்க அத்தை," என்றாள். அதற்கு முந்தின நாள்தான் ஆயுத பூஜை. காலையில் அந்தப் பெட்டியை அவளே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அத்தை, இதையும் இலையில வைங்க. எனக்காகக் கும்பிடுங்க."

அத்தனை கேலிக்குப் பிறகும் அவள் என்னிடம் அப்படிக் கேட்டாள். பெட்டியை இழுத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் குளிக்கப் போனாள். மகன் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

முப்பத்திரண்டு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவள் நான். என் வெட்டுக்கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆயுதத்தை அழுக்கோடு இலையில் வைக்கக் கூடாது என்பது நாங்கள் இருந்த தோட்டத்து லயத்து வீடுகளின் பழக்கம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவைத்து, பிறகுதான் சந்தனம் குங்குமம். கத்தியைத் துடைத்தேன். மகனுடைய ஸ்பேனர்களைத் துடைத்தேன். தையல் மெஷினைத் துடைத்தேன். அதே கையோடு கட்டையையும் எடுத்துத் துடைத்தேன். கை தன்பாட்டில் போனது. தண்டைத் துடைத்த துணியில் கருப்பாக ஒட்டியதும்தான் கை நின்றது.

கோடு போய்விட்டது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். அன்று மத்தியானமே அவள் கிளப்புக்குப் போய்ச் சரி பார்த்திருப்பாள். ஒரு பொழுது முழுசாக இருந்தது. எனக்கு வாய் வரவில்லை. கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் நிஜம். துப்பாக்கி என்னத்துக்கு என்று இத்தனை வருஷம் கேட்ட மாமியார், கை தவறிவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்றும் நினைத்தேன்.

அதோடு ஒரு கர்வமும் இருந்தது. மரத்தில் பட்டையைச் சீவுவது லேசில்லை. கொஞ்சம் ஆழம் போனால் மரத்துக்குக் காயம், கொஞ்சம் குறைந்தால் பால் வராது. அளவுகோல் இல்லாமல், விடியல் இருட்டில், கண்ணாலும் கையாலும் வெட்டுவேன். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் என் மரத்தைக் காட்டித்தான் மற்றவர்களை ஏசுவார். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது, கோடு வரும். தண்டில் அந்தக் கோடு எங்கே இருந்தது என்று கண்ணுக்குள் நன்றாக இருந்தது. குளிர்பெட்டி மேல் மகனுடைய கருப்புப் பேனா கிடந்தது. எடுத்தேன். ஒரே இழுப்பு. கோணல் இல்லை. பழைய கோட்டைவிட அழகாக இருந்தது.

அதன்மேல் சந்தனம் படாமல் ஒதுக்கிப் பொட்டு வைத்தேன். அவள் ஈரத் தலையோடு வந்து கும்பிட்டாள். என் காலையும் தொட்டாள்.

மறுநாள் பொழுது சாய அவள் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது.

"கிடைக்கலையாம்மா?" என்றான் மகன். அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

"இல்ல. எல்லாம் மேல மேல போவுது. கன்னம் உக்காரவே இல்ல. கோட்டப் பாத்தேன், கோடு சரியா இருக்கு. அப்ப கோளாறு எனக்குத்தான்னு இன்னும் அழுத்திப் புடிச்சேன். இன்னும் மோசம்." என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். "நீங்க கும்பிட்டும் நான் கெடுத்துட்டேன் அத்தை."

நான் சோறு போட எழுந்து போனேன். அடுப்படியில் நின்று மோர் மிளகாயை எண்ணெய் இல்லாத சட்டியில் போட்டு வறுத்தேன். புகை வந்ததும்தான் தெரிந்தது.

தைப்பூசம் வரை அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் கண்ணாடி முன்னால் நிற்பதை விட்டுவிட்டாள். பெட்டி அலமாரி அடியில் போனது. ஒருநாள், "அந்தக் கட்டை எனக்கு ஒத்து வரல. சபாக் ஊர்ல ஒருத்தர் கேக்குறாரு, குடுத்துறலாம். நான் கிளப்பும் போகல, வயசாச்சு," என்று மகனிடம் சொன்னாள். கழுத்து வலியோடு பழைய கட்டையில் சுட்டபோதுகூட வயசு என்று அவள் சொன்னதில்லை. அந்த வார்த்தையை நான் அவள் வாயில் வைத்துவிட்டேன் என்று பட்டது.

சபாக் ஊர்க்காரர் வாங்க வருகிற ஞாயிறு காலையில் அவள் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அத விக்காத."

"ஏன் அத்தை?"

"அந்தக் கோடு நீ போட்டது இல்ல. நான் போட்டது."

சொல்லி முடித்தேன். மண்ணெண்ணெய்த் துணி, கருப்புப் பேனா, எல்லாம். அவள் தண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கன்னத்துண்டை மாட்டி, கண்ணாடி முன்னால் போய் நின்று கண்ணை மூடினாள். கன்னத்தைச் சாய்த்தாள். கண்ணைத் திறந்தாள். திருகாணியைத் தளர்த்திக் கீழே இறக்கினாள். மறுபடி. மறுபடி. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, என் கோட்டுக்கும் கன்னத்துண்டு நின்ற இடத்துக்கும் நடுவில் விரல் நகத்தை வைத்துக் காட்டினாள். நகத்தின் கனம்தான்.

"இம்புட்டுதான் அத்தை."

"தெரியாமத்தான் தொடச்சேன்."

"தொடச்சது பரவால. தொடச்சேன்னு சொல்லியிருந்தா நான் அன்னைக்கே செட் பண்ணியிருப்பேன். கோடு இல்லாம இருந்தாக்கூட தேடியிருப்பேன். கோடு இருந்துச்சு. நான் கோட்ட நம்புனேன்."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பதிலுக்குப் பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

சபாக் ஊர்க்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னாள். மறுவாரம் கிளப்புக்குப் போனாள். குழுவில் அந்த இடம் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் போனது போனதுதான். இவள் மறுபடி வரிசையில் நிற்கிறாள். இப்போது தண்டில் மைக்கோடு இல்லை. ஊசியால் கீறிய கோடு. எந்த எண்ணெய்க்கும் போகாது.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. பெட்டியைக் கொண்டுவர மாட்டாள் என்றுதான் இருந்தேன். கொண்டுவந்தாள். கட்டையை அவளே துடைத்து அவளே இலையில் வைத்தாள்.

"பொட்டு மட்டும் வைங்க அத்தை."

வைத்தேன். போன வருஷம் இந்த நேரத்தில் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை நான் குங்குமக் கிண்ணத்தை மூடி வைக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.