லிஃப்ட்காரர் கூடாரம் வாங்கினார்

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கூடாரத்துக்குள் தலையை மட்டும் நீட்டி, "உள்ள யாரு?" என்று கேட்டார் லிஃப்ட்காரர். உள்ளே யாரும் இல்லை. கடையின் மேல்மாடியில், பச்சை பிளாஸ்டிக் புல் விரித்த தரையில், வருகிறவர்கள் பார்ப்பதற்காக நிறுத்தி வைத்திருந்த கூடாரம் அது. பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகுதான் குனிந்து உள்ளே போய், மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் நீட்டி, சுவர்த்துணி எட்டுகிறதா என்று பார்த்தார்.

"சார், வீட்டுல எத்தனை பேரு?" வெளியிலிருந்து கடைப்பெண் கேட்டாள்.

"அஞ்சு பேர்மா. ஆனா பெரிசாவே காட்டு."

"அதான் சார் நல்லது. அட்டையில அஞ்சு பேர்னு போட்டிருந்தா, டப்பாவுல மீன் அடுக்கின மாதிரி அஞ்சு பேர் படுக்கலாம். பையை எல்லாம் தலையிலதான் வச்சுக்கணும். எப்பவுமே ஒண்ணு ரெண்டு ஆள் கூடப் போட்டுத்தான் வாங்கணும்."

"கேட்டுக்கோ" என்றார் லிஃப்ட்காரர், உள்ளிருந்தபடியே. அது கடைப்பெண்ணுக்குச் சொன்னதல்ல. பிள்ளைகளின் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு. அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவருக்கு வேலை, பழுதான லிஃப்டுகளைச் சரிசெய்வது. ஊரில் உயரமாக எழுந்த கட்டடங்களில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. கருவிப் பையைச் சுமந்து சுமந்து வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. நகக் கண்களில் உள்ள கிரீஸ் எந்த சோப்புக்கும் அசைந்து கொடுத்ததில்லை. எந்தக் கதவைத் திறந்தாலும் முதலில் "உள்ள யாரு?" என்று கேட்பது தொழிலோடு வந்த பழக்கம். வீட்டில் குளிர்பெட்டியைத் திறக்கும்போதும் வாய் தானாகக் கேட்டுவிடும். "பால்ப்பா!" என்று கத்துவான் நடுவில் உள்ளவன்.

லிஃப்ட் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், கதவில் வாயை வைத்து அவர் முதலில் கேட்பது பெயரைத்தான். "பேர் சொல்லிக் கூப்பிட்டாப் போதும், மூச்சு தானா ஒழுங்காயிடும்" என்பார். ஒரு முறை, இருட்டுக் கூண்டுக்குள் பெரிய அதிகாரி ஒருவர் குழந்தை மாதிரி விம்ம ஆரம்பித்துவிட்டார். கதவு திறக்கும்வரை அவர் பெயரைச் சொல்லிச் சொல்லித் தன்னுடைய முழங்கால் வலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் இவர். வெளியே வந்த அதிகாரி முகம் கொடுக்காமல் போய்விட்டார். "போகட்டும். அழுததைப் பார்த்தவன் முகத்தை யாருக்குத்தான் பிடிக்கும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பினார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. காரைக் கிளப்புமுன் திரும்பி, பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளின் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். மூத்தவளுக்கு அது பிடிக்காது. "முடியைக் கலைக்காதீங்கப்பா, கண்ணு இருக்குல்ல, பார்த்து எண்ணுங்க" என்பாள். "கண்ணு ஏமாத்தும்மா, கை ஏமாத்தாது" என்பார். போன வருடத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சொல்வதில்லை.

போன வருடம் பள்ளி விடுமுறையில், மச்சானிடம் இரவல் வாங்கிய பழைய கூடாரத்தோடு ஒரு ஏரிக்கரைக்குப் போயிருந்தார்கள். துணித் தடுப்புப் போட்டு மூன்று அறைகளாகப் பிரித்த கூடாரம். மத்தியானச் சாப்பாடு முடிந்து, தட்டுகளைக் கழுவ மனைவி தூரத்திலிருந்த பொதுக் குழாயடிக்குப் போயிருந்தாள். வானம் திடீரென்று கறுத்தது. ஆலங்கட்டி மழை. பிள்ளைகள் முதல் துளி விழுவதற்கு முன்பே ஓடிவந்து, கடைசி அறைக்குள் ஒரே போர்வையின் கீழ் சுருண்டுகொண்டார்கள். எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டப்பகலில் கூடாரத்துக்குள் அப்படி ஓர் இருட்டு. டார்ச் காரில் இருந்தது. கூரைத்துணி படபடவென்று அடித்துக்கொண்டதில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை.

வழக்கம்போலப் போர்வைக்குள் கையை விட்டு எண்ணினார். பின்னல், அது மூத்தவள். ஒட்ட வெட்டிய முடி, நடுவில் உள்ளவன். சுருட்டை முடி, கடைக்குட்டி. அதற்கு அப்பால், கூடாரத்துச் சுவரை ஒட்டி, இன்னொரு தலை.

ஒன்றையே இரண்டு தடவை தொட்டுவிட்டோம் போல என்று நினைத்தார். ஆனால் இந்தத் தலை நனைந்திருந்தது. முடியிலிருந்து தண்ணீர் விரல் இடுக்குகளில் வழிந்தது. கடைக்குட்டியின் தலையைவிடச் சின்னது. மழையில் கிடந்த கல்லைப் போலச் சில்லென்று இருந்தது. மூன்று பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று பேரும் "என்னப்பா?" என்றார்கள், மூன்று பேரும் அந்த இடத்துக்கு இந்தப் பக்கமிருந்து. கைக்குக் கீழே இருந்தது மட்டும் எதுவும் சொல்லவில்லை. பூனைக்குட்டி தலையைக் கொடுக்குமே, அப்படி உள்ளங்கைக்குள் இன்னும் கொஞ்சம் அழுந்திக்கொண்டது.

அவர் கையை எடுக்கவில்லை. வாய், அது பாட்டுக்கு, கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களிடம் எத்தனையோ தடவை சொன்னதைச் சொன்னது. "பயப்படாதே. நான் இங்கதான் இருக்கேன். இப்போ திறந்துடுவாங்க."

மழை ஓய்ந்தது. மனைவி ஓடிவந்து வெளியிலிருந்து ஜிப்பைத் திறந்தாள். வெளிச்சம் விழுந்த இடத்தில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். அவருடைய கை வெறும் விரிப்பின் மேல் இருந்தது. விரிப்பில் அந்த இடம் மட்டும் நனைந்திருந்தது.

"கை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?"

"ஒழுகுது" என்றார்.

மறுநாள் காலையில் எல்லோரும் புல்வெளியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது கடைக்குட்டி கேட்டாள். "ஏம்ப்பா, எங்க எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டியே, அவனை மட்டும் ஏன் கூப்பிடல?"

"எவனை?" என்றாள் அம்மா.

"அப்பா ஒருத்தன் தலையில கை வச்சிட்டே இருந்தாரே, அவனை. ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தான்."

அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை. கூடாரத்து முளைகளை மனைவியே ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வீட்டுக்கு வந்து, பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். அவர் ஒன்று விடாமல் சொன்னார். அவள் நம்பவில்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு.

"புள்ளைங்களை ஒட்டிக்கிட்டு அது இருந்திருக்கு. நீங்க அதைப் புடிச்சு வெளிய தள்ளாம, தலையைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தீங்களா?"



கூடாரம் ஒழுகுகிறது என்ற செய்தி மட்டும் எப்படியோ மச்சான் காதுக்குப் போய்விட்டது. அவன் அதைத் தன் வீட்டு மொட்டை மாடியில் விரித்துக் கட்டி, வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி, உள்ளே இவரை உட்கார வைத்து நிரூபித்தான். "ஒரு சொட்டு இருக்கா? சொல்லுங்க மாமா, ஒரு சொட்டு இருக்கா? என் மானத்தை வாங்காதீங்க!" இவர் உலர்ந்த துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நீண்ட நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அக்காள் புருஷன் கோபித்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்து மச்சான் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

இந்த வருடம் விடுமுறை நெருங்கியதும் பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள். மூத்தவளின் தோழிகள் எல்லோரும் போகிறார்களாம். அடம், அழுகை, சாப்பாட்டைத் தள்ளி வைப்பது எல்லாம் நடந்தது. கடைசியில் மனைவி இறங்கிவந்தாள். ஆனால் ஏரி கூடாது. நாலு குடும்பம் பக்கத்தில் இருக்க வேண்டும். கூடாரம் புதிதாக இருக்க வேண்டும், உள்ளே தடுப்பே இருக்கக்கூடாது. "உக்காந்த இடத்துலேருந்து எல்லார் மூஞ்சியும் எனக்குத் தெரியணும்."

அப்படித்தான் அன்றைக்குக் கடைக்கு வந்திருந்தார்கள். ஆனால் மேல்மாடிக்கு வந்ததும் லிஃப்ட்காரரின் கால்கள் நேராகப் போய் நின்றது, அங்கே இருந்ததிலேயே பெரிய மூன்று அறைக் கூடாரத்தின் முன்னால்.

பிள்ளைகள் அவர் பின்னாலேயே உள்ளே புகுந்து படுத்துப் பார்த்தார்கள். மூத்தவள் ஒரு மூலையை வளைத்துப் போட்டாள். நடுவில் உள்ளவன் குறுக்கே படுத்து உதை வாங்கினான். கடைக்குட்டி மட்டும் சுவரிலிருந்து விலகி, அண்ணன் மேல் ஏறாத குறையாக ஒண்டிக்கொண்டு படுத்தாள்.

"அந்தப் பக்கம்தான் அவ்வளவு இடம் கிடக்கே, தள்ளிப் படேன்!" என்றான் அவன்.

"அவனுக்கு இடம் வேணும்" என்றாள் கடைக்குட்டி.

வாசலில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். கணவரின் சட்டைக் கையைப் பிடித்து, இரண்டு கூடாரங்களுக்கு நடுவே இருந்த சந்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைப்பெண் எட்டப் போய், முறுக்கே இல்லாத ஒரு கயிற்றை முறுக்கெடுக்கத் தொடங்கினாள்.

"யாருக்கு இவ்வளவு பெரிசு?"

"சாமான் வைக்க…"

"என்கிட்ட இந்தக் கதை வேண்டாம்."

அவர் பச்சைப் புல்லைக் காலால் நெருடினார். "பேர் கேக்காம விட்டுட்டேன்மா. யாரோ என்னவோ, எல்லார்கிட்டயும் கேக்கறேன். அதுகிட்ட மட்டும் கேக்கல."

"கேட்டிருந்தா வீட்டுக்கே வந்திருக்கும்."

"சின்னத் தலைம்மா. அந்த மழையில எவ்வளவு நேரம் வெளியில நின்னுச்சோ…"

"உங்களுக்கு மூணு புள்ளைங்க" என்றாள். "மூணே மூணு. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. எனக்கு வேற எதுவும் தெரியவேண்டாம்."

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு கூடாரத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கூரைக் கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, தையலை இழுத்துப் பார்ப்பது எல்லாம் மனைவியே செய்தாள். கடைசியில் அவள் நின்றது, ஒரே கூடமாக இருந்த அகலமான கூடாரத்தின் முன்னால். ஆள் நிமிர்ந்து நிற்கலாம். வாசலுக்கு முன்னால் தாழ்வாரம் போலத் துணிக்கூரை நீண்டிருந்தது.

"இந்த முன்பக்கத்துக்குத் தரைத்துணி கிடையாது மேடம், கூரையும் ரெண்டு பக்கச் சுவரும் மட்டும்தான்" என்றாள் கடைப்பெண். "ஈரச் செருப்பு, சேறு, நாய்க்குட்டி, எதுவா இருந்தாலும் இதோட நிக்கும். உள்ள ஜிப்பை இழுத்துட்டா நீங்க தனி, அது தனி."

மனைவி அந்தக் கூரையின் கீழ் போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். மேல்துணியை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மழை பெஞ்சா, இங்க நிக்கிறவங்க நனைவாங்களா?"

"ஒரு சொட்டு விழாது மேடம்."

"இதையே கட்டுங்க" என்றாள். லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பாமல் பிள்ளைகளின் செருப்புகளைத் தேடிக் குனிந்துகொண்டாள்.

போனது ஏரிக்கு எதிர்த் திசையில் வெகு தூரம். பெரிய புல்வெளி, சுற்றிலும் குடும்பங்கள், பந்து விளையாட்டு, யாருடைய ரேடியோவோ, கைக்குழந்தையின் அழுகை. முதல் நாள் எந்தக் குறையும் இல்லாமல் போயிற்று. அன்று லிஃப்ட்காரர் கூடாரத்தைத் திறந்தபோது "உள்ள யாரு?" என்று கேட்கவில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அதைக் கவனித்த மூத்தவள்தான், "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

இரண்டாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் தூறல் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கனத்துப் பெய்யத் தொடங்கியது. பந்து விளையாடியவர்கள் சிரித்துக்கொண்டே ஓடிப் பதுங்கினார்கள். பிள்ளைகளும் அவரும் உள்ளே விளக்கைத் தொங்கவிட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு வந்த மனைவி, முன் தாழ்வாரத்தில் நின்று மடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் உள்ளவன் ஏமாற்றியதைப் பற்றி மூத்தவள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தாள். கடைக்குட்டி சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா யாரோட பேசறாங்க?"

லிஃப்ட்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். மழைச் சத்தம்தான். அதற்கடியில் ஏதாவது இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை. எழுந்திருக்கப் போனார். அதற்குள் மனைவி உள்ளே வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே பைக்குப் போனாள். அடியில் கையை விட்டு, இன்னும் பிரிக்காத புதுத் துண்டு ஒன்றை எடுத்தாள். உறையைக் கிழித்துக்கொண்டே மறுபடி வெளியே போனாள். தாழ்வாரத்தில் தொங்கிய இன்னொரு விளக்கின் வெளிச்சத்தில் அவள் நிழல் வாசல்துணி மேல் பெரிதாக விழுந்தது. மடக்கு நாற்காலியில் துண்டை விரித்துப் போடுவது தெரிந்தது. ஓரங்களை நீவிவிடுவது தெரிந்தது. பிறகு அந்த நிழல், ஓர் அடி பின்னால் நகர்ந்தது.

உள்ளே வந்தாள். ஜிப்பைத் தரைவரை இழுத்து மூடினாள். பிள்ளைகளுக்கும் வாசலுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் பக்கத்தில் வந்து அவள் தோளில் கை வைத்தார். அவள் திரும்பவில்லை. ஜிப்பின் நாக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மழை விடும்வரை அந்தப் பிடியை அவள் தளர்த்தவே இல்லை.