லம்யாய் கடை வாசலில் தூணம்மா

அந்தத் தெருவில் யாருடைய கடையும் வாசற்படியோடு முடிவதில்லை. படிக்கு அப்பால் தார் ரோட்டில் ஒரு கார் அகலத்துக்குத் தனக்கே பாத்தியதை என்றுதான் ஒவ்வொருவருக்கும் நினைப்பு. மூக்குக்கண்ணாடிக் கடை தாவோன் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்திருந்தார். தையல்காரர் கால் ஒடிந்த நாற்காலியைப் போட்டிருந்தார். பல் டாக்டர் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து அவற்றுக்குத் தினமும் தண்ணீரும் ஊற்றினார், படித்தவர் அல்லவா. உடோன் நகரத்துக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் பொதுத்தெருவில் காரை நிறுத்த இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து, வாய்க்குள் திட்டிக்கொண்டே போய்விடுவார்கள்.

லம்யாய் மட்டும் நெடுநாள் எதையும் வைக்கவில்லை. சின்ன வயதில் அடுத்தவர் கடையில் கோழி சுடும் அடுப்புக்கு விசிற வந்தவள் அவள். அந்தக் கடையின் வண்டியோட்டி விச்சியெனைக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு அந்தக் கடையையே தன் பேருக்கு எடுத்து நடத்தினாள். கோழியைத் திருப்பிப் போடுகிற கையைவிட வாய் வேகம். தாவோன் கூம்புகளை அடுக்கும்போதெல்லாம், "ரோட்டை உங்க தாத்தா எழுதி வச்சுட்டுப் போனாராண்ணே?" என்று கேட்காமல் விடமாட்டாள்.

பிறகு விச்சியெனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாயும் ஒரு பக்கம் கோணிப்போனது. முதல் சில மாதங்களில் பயிற்சியை விடாமல் செய்தால்தான் கை திரும்பும், அப்புறம் வராதது வராததுதான் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாடகை வேன் பேசினாள். வேன் வாசலில் நின்றால்தான் அவரைத் தூக்கி ஏற்ற முடியும். தெருமுனைவரை சக்கர நாற்காலியைத் தள்ளலாமென்றால், நடைபாதைக் கல் ஒன்றுகூட ஒழுங்காகக் கிடக்கவில்லை.

ஆக, லம்யாயும் ஒரு பழைய டயருக்குள் சிமென்டை ஊற்றி வாசலில் போட்டாள்.

"இப்ப உன் தாத்தாவும் எழுதி வச்சுட்டாரா?" என்றார் தாவோன். இதற்காகவே காத்திருந்தவர்போல் அவர் முகம் மலர்ந்திருந்தது.

"வீட்ல ஆளு படுத்துக் கெடக்குறாரு. உங்களுக்கு இளிப்பா இருக்கா?"

"என் கடைக்கு வர்றவனுக்குக் கண்ணே தெரியாது. அவன் எங்க போய் நிப்பான்?"

அன்றிலிருந்து பேச்சு நின்றது. தாவோன் சுட்ட கோழியை அடுத்த தெருவில் வாங்கினார். அது ரப்பர் மாதிரி இருக்கும் என்று ஊருக்கே தெரியும். வீம்பு என்றால் அவருக்கு அப்படியொரு வீம்பு.

நகராட்சியின் ஆக்கிரமிப்பு அகற்றும் லாரி வந்தபோது கூம்புகளும் பூந்தொட்டிகளும் சட்டெனக் கடைக்குள் போய்விட்டன, டயர் லாரியில் போயிற்று. லாரியோடு வந்த கித்தி அவளிடம் தினம் சாப்பிடுகிற பையன்தான். "ரோடு எல்லாருக்கும் பொதுக்கா. நான் என்ன பண்ணட்டும்?" என்று சொல்லிக்கொண்டே தூக்கிப் போட்டான். லம்யாய் இன்னொரு டயர் வைத்தாள். அதுவும் போயிற்று. ஆனால் லாரி திரும்பும்போது அவள் ஒன்றைக் கவனித்தாள். தெருமுனையில் பாதி ரோட்டை அடைத்து நிற்கும் பழைய மரத்தில், சாமி குடியிருக்கும் மரம் என்பதற்கு அடையாளமாக மூவர்ணத் துணி சுற்றியிருந்தது. அதைக் கடக்கையில் கித்தி கை கூப்பினான், டிரைவர் ஒலிப்பானை ஒருமுறை அமுக்கினார். அந்த மரத்தைத் தொட எவனுக்கும் தைரியமில்லை.

அடுத்த டயரின் சிமென்டில் கொல்லையில் கிடந்த மரக்கட்டையொன்றை நட்டாள். அதற்கு மூவர்ணத் துணி கட்டி, சாமந்தி மாலை போட்டு, முன்னால் சிவப்பு சோடாவை உறிஞ்சு குழலோடு படையலாக வைத்தாள். லாரி வந்தது. கித்தி இறங்கினான், பார்த்தான், கும்பிட்டான், தையல்காரரின் நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். லம்யாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேன் வரும் நாளில் அவளும் கடைச் சமையல்காரியும் சேர்ந்து அதை ஓரமாக நகர்த்திவிட்டு, வேன் போனதும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார்கள். விச்சியெனின் விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கின. ஒருநாள் கரண்டியைப் பிடித்தார். அன்று முழுக்க அவள் யாரையும் திட்டவில்லை.

கெடுத்தவள் லாட்டரிச் சீட்டு விற்கும் மாலி. சாமி மரத்தில் செய்வதுபோல் போகிறபோக்கில் கட்டையில் பவுடரைத் தேய்த்தாள், பரிசு எண் தெரிகிறது என்றாள். அந்த எண்ணுக்கே பரிசு விழுந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? கட்டை தூணம்மா ஆயிற்று. தூணம்மாவுக்குப் பட்டுச் சட்டை வந்தது, சீப்பும் கண்ணாடியும் வந்தன. நேர்த்திக்கடனாகச் சிமென்ட் வரிக்குதிரைகள் வந்து மந்தையாக நின்றன. கூட்டத்துக்குக் கோழியும் நன்றாகப் போயிற்று. அதில் லம்யாய் கொஞ்சம் குளிர்ந்துபோய்ப் பேசாமல் இருந்துவிட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருநாள் கடை திறக்க வந்தால், பரிசு விழுந்தவர்கள் டயரைச் சுற்றி மேடை கட்டி, ஓடு பதித்து, மேலே தகரக் கூரையும் போட்டிருந்தார்கள்.

"எங்கக்கா நிறுத்துறது, வரிக்குதிரை மேலயா?" என்றார் வேன் டிரைவர். "முனைக்குக் கூட்டிட்டு வாங்க, ஏத்திக்கிறேன்." வர முடியவில்லை. அந்த வாரம் பயிற்சி போயிற்று, அடுத்தடுத்த வாரங்களும் போயின. விச்சியெனின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. திரும்ப எடுத்துக் கொடுத்தாலும் நிற்கவில்லை. யாரை நோவது? வைத்தவள் அவளேதான்.

கித்தியிடம் கெஞ்சினாள். "அய்யோ அக்கா, வேலைய வேணா விட்டுர்றேன், இதுல கை வைக்க மாட்டேன்" என்று அவன் பின்னாலேயே நகர்ந்தான்.

வியாழக்கிழமை காலை, லாட்டரிக் குலுக்கலுக்கு முந்தைய நாள், கூட்டம் நெரிந்தது. தெருமுனையில் வேன் நின்றுகொண்டிருந்தது. லம்யாய் அடுப்படியிலிருந்து கடப்பாரையோடு வெளியே வந்தாள்.

"எல்லாரும் தள்ளுங்க. இதுல அம்மாவும் இல்ல ஆத்தாவும் இல்ல. கார் நிறுத்தாம இருக்க நான் வச்ச கட்டை இது. இடிக்கப் போறேன்."

யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மாலி பரிவோடு அவள் தோளைத் தொட்டாள்.

"நீ வச்சதா நெனைக்கிற. அவங்கதான் உன்ன வைக்க வச்சாங்க."

"என் கட்டைடி!"

"ஒன் வீட்டுக்குள்ளயா இருக்காங்க? ரோட்ல இருக்காங்க. எல்லாருக்கும் பொது. கவலைல பேசுற, போ, தண்ணி குடி."

லம்யாய் கடப்பாரையை ஓங்கினாள். ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. மாலியின் பேச்சுக்காக இறங்கவில்லை. எதற்காக என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அடுத்த கடை வாசலில் பிளாஸ்டிக் உரசும் சத்தம் கேட்டது. தாவோன் தன் கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார்.

"வேனை இங்க வரச் சொல்லு. வேன் மட்டுந்தான். உன் கோழி திங்க வர்றவன் எவனாவது நிறுத்தினான், டயர்ல காத்தப் பிடுங்கி விட்ருவேன்."

லம்யாய் அழுதுவிடுவோம் என்று பயந்து தோள் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விச்சியெனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் வேன் டிரைவர், ஒரு பக்கம் தாவோன், பின்னால் லம்யாய். வரிக்குதிரைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடித் தேடி நகர்ந்தார்கள். மேடைக்கு நேராக வந்ததும் லம்யாய் நாற்காலியை விட்டாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டு கைகளையும் நெற்றிவரை தூக்கி, குனிந்து கும்பிட்டாள்.

பல வாரங்களுக்குப் பிறகு வெளியே வந்த விச்சியென் பட்டுச் சட்டையையும் மாலையையும் மேலும் கீழும் பார்த்தார். கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"அது... நம்ம... கக்கூஸ் கதவு நிலைதானே?"

"சும்மா இருங்க" என்றாள் லம்யாய், அவர் வாயைப் பொத்திக்கொண்டு. "அவங்க காதுல விழுந்துடப்போவுது. உங்க கை இன்னும் வரல."