தட்டியது தெரியும்

'தோற்றுவிட்டேன்' என்று நீங்கள் கடைசியாக ஒப்புக்கொண்டது எப்போது? எனக்குத் தெரிந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக் ஒரே மாலையில் பத்து முறை ஒப்புக்கொள்கிறார். கழுத்து இறுகியதும் எதிராளியின் தோளில் இரண்டு தட்டு. உடனே பிடி விலகிவிடும். "செத்தேன்டா!" என்று சிரித்தபடி எழுந்து, கசக்கிய காகிதம் போன்ற காதைத் தேய்த்துக்கொள்வார்.

காலிக் கிடங்கொன்றில் ரப்பர் விரிப்பு போட்டு அவர் நடத்துவது சப்மிஷன் மல்யுத்தம்; பிடியில் சிக்கியவர் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஆட்டம். அங்கி இல்லை, பெல்ட் இல்லை, குனிந்து வணங்குவதும் இல்லை. அவர் முன்பு பயின்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜியு ஜித்சுவில் தடித்த பருத்தி அங்கியின் காலரைப் பற்றி ஆளைச் சாய்க்கலாம். இங்கே கைக்குக் கிடைப்பது வியர்வையில் வழுக்கும் மணிக்கட்டும் கழுத்தும்தான். "துணி இருந்தா அதைப் புடிச்சே பொழச்சுக்கலாம். இங்க ஒளிய எடமே இல்ல," என்பார்.

ஆனால் ஆறு வருஷமாக அவரே ஒளிந்துகொண்டிருந்தார். ஜியு ஜித்சு கூடத்தில் ஒருநாள் மனைவியின் தம்பியுடைய முழங்கையை உடைத்துவிட்டார். குரு கைதட்டும்வரை பிடியை விடக்கூடாது என்பது அந்தக் கூடத்தின் விதி. "தடிச்ச துணி. அவன் தட்டினது தெரியல," என்று வீட்டில் சொன்னார். பழி மச்சான்மேல் விழுந்தது: வீம்புக்காரன், நேரத்துக்குத் தட்டாதவன். பெயின்டரான மச்சானால் இன்றைக்கும் வலது கையைக் கூரைவரை தூக்க முடியாது. குருவை வணங்கும் வழக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஒரு மனிதனின் வலியை இன்னொருவர் கைதட்டினால்தான் நம்புவோம் என்கிற ஒழுக்கத்தை மட்டும் குப்பையில் போடுங்கள்.

போன ஞாயிறு மச்சான் முதன்முறையாகக் கிடங்குக்கு வந்து விரிப்பின் ஓரமாக உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். மெக்கானிக் அவர் எதிரில் போய்ச் சம்மணமிட்டார்.

"மாப்ளே, அன்னிக்கு நீ தட்டினது எனக்குத் தெரிஞ்சுது. மாஸ்டர் பாத்துட்டு இருந்தாரு. அதான் விடல."

"தட்டினவன் நான். எனக்குத் தெரியாதா மாமா? அத எங்கிட்டயே வந்து சொல்றீங்க, நல்ல ஆளு! அக்கா இன்னிக்கும் என்னைத்தான் திட்டுறா. அவகிட்ட சொல்லுங்க."

மெக்கானிக் ஃபோனை எடுத்து மனைவியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, இருவருக்கும் நடுவே விரிப்பின்மேல் வைத்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது.

உங்களால் யார்மேலாவது பழி நிற்கிறதா? எடுங்கள் ஃபோனை.