மூன்று ஜோடிச் செருப்பு

அக்கா கிருஷ்ணகிரிக்குக் கல்லூரி போன முதல் வருடம், சமூக அறிவியல் அறிமுகம் என்று அவளுக்கு ஒரு பாடம் வைத்தார்கள். வரலாறு, பொருளாதாரம், அரசியல், சமூகவியல் எல்லாம் அதில் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. அது படிப்பா, கூட்டாஞ்சோறா என்று அப்பா கேட்டார். அந்தப் பாடத்துக்காக அவள் இருபது வீடுகளுக்குப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். வயதுப் பெண் தனியாகப் போகக் கூடாதென்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்த நான் அவளுக்குக் காவலாம்!

மத்திகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா வாடகைக்கு விட்ட அறைகள் வரிசையாய் இருந்தன. அறைக்கு மூன்று பேர்தான், கிணறு அதற்குமேல் தாங்காது என்பது அவர் சட்டம். தினமும் வாசல்களில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார். மூன்று ஜோடி இருந்தால் அவருக்கு நிம்மதி.

கடைசி அறையில் கம்பெனி வேலைக்கு வந்த திருநெல்வேலி அண்ணன் ஒருவர் இருந்தார். எத்தனை பேர் தங்கியிருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் வாயே திறக்கவில்லை.

“பேரு எழுத மாட்டன்ணா. யாருகிட்டயும் சொல்லவும் மாட்டன்,” என்றாள் அக்கா.

அதன்பிறகுதான் சொன்னார். ஆறு பேர். மூன்று பேர் ஷிப்டுக்குக் கிளம்ப, மற்ற மூன்று பேர் வந்து அதே பாயில் படுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று பேர் மாட்டுப் பண்ணைப் பக்கம் மரத்தடியில் பொழுதைக் கழிப்பார்கள். வாடகையை ஆறாய்ப் பிரித்தால்தான் ஊருக்கு ஏதாவது அனுப்ப முடியும் என்றார்.

அந்த ஞாயிறு மதியம் சாப்பிடும்போது, வீடு வீடாய்ப் போய் என்னத்தைக் கண்டுபிடித்தாய் என்று அப்பா அக்காவைச் சீண்டினார். அவள் குழம்பை எடுத்து ஊற்றிக்கொண்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“உங்களுக்கே தெரியாததக் கண்டுபிடிச்சிருக்காப்பா. கடைசி ரூம்ல செருப்பு மூணு ஜோடி, ஆளு ஆறு,” என்றேன்.

அப்பா என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அப்படியே பின்பக்கம் நடந்தார். அக்கா அதற்குமேல் சாப்பிடவில்லை.

இரண்டு நாளில் அறை காலியானது. சாவி கொடுக்க அந்த அண்ணன் வந்தபோது அப்பா இல்லை. அக்காதான் வாங்கினாள். நான் அவள் தாவணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன்.

“உங்கள நம்பித்தானம்மா சொன்னோம்,” என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

அக்கா சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். கல்லூரியில் பத்தொன்பது படிவங்களைத்தான் கொடுத்தாள், மதிப்பெண்ணும் குறைந்தது. இவ்வளவு படிக்கிறவளுக்கு, ‘நான் சொல்லலண்ணா’ என்று ஒரு வார்த்தை சொல்ல வரவில்லையே என்று எனக்கு அவள்மேல் எரிச்சல்தான் வந்தது. சொல்லியிருந்தால் அவர் அடுத்து யாரைப் பார்த்திருப்பார் என்று அன்று நான் யோசிக்கவில்லை.